மூன்று நிமிட மின்சாரம்

1

இந்தக் கதை எனக்குப் போடிமெட்டுத் தேநீர்க் கடையில் கிடைத்தது. எழுபத்தெட்டாம் வருடம். மூணாறிலிருந்து போடிக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. கடையில் ஒரு சின்ன இசைத்தட்டு சுழன்றது. பாடுகிறவர் யாருமில்லை. ஏதோ மின்சார வாத்தியம் குதித்துக் குதித்துப் போக, அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு வயலின். குளிரில் விறைத்திருந்த பயணிகளின் கால்கள் தாளம் போட்டன. உறையில், 'இசை: ஈஸ்வரமூர்த்தி, நல்லேப்பிள்ளி. விருந்தினர் வயலின்: ராமலட்சுமி, கல்பாத்தி' என்றிருந்தது.

பாட்டு முடியுமுன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

'பச்சை வயல்களுக்கு நடுவே, இசையையே மூச்சாகக் கொண்ட ஓர் இளைஞன்...'

(வேண்டாம். அந்த மாசியில் பச்சையெல்லாம் வாடத் தொடங்கியிருந்தது. அதுதான் சிக்கலே.)

ஈஸ்வரமூர்த்தி நல்லேப்பிள்ளி ஊரில் ரேடியோ ரிப்பேர்க்காரன். அந்த மின்சார வாத்தியப் பெட்டியை அவனே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்தான். ஊருக்குக் கரண்ட் மத்தியானம் கொஞ்ச நேரம்தான் வரும். வந்ததும் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும், வோல்டேஜ் படுத்துவிடும், கூடவே பெட்டியின் சுருதியும் படுத்துவிடும். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பேட்டரி ரெக்கார்டருடன் வந்திருப்பதோ இன்று ஒருநாள். இன்று பதிவாகாவிட்டால் தட்டு கிடையாது.

(தட்டு வந்துவிட்டதென்று முதலிலேயே உளறிவிட்டேன். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.)

3

தோட்டம் தோட்டமாகப் போய்க் கெஞ்சினான். எல்லோரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அவ்வளவு நல்லவர்களா என்று எனக்கே சந்தேகம் வந்ததால், பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பனைக் கொண்டுவருகிறேன்.

"ஏனுங்கண்ணா, மூணே நிமிசம் மோட்டாரு போடாம இருங்க."

"நெல்லு கதிரு வாங்கற நேரம். உம்பட பாட்டு வந்து தண்ணி பாய்ச்சுமா?"

சொல்லிவிட்டு அவர் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார்.

4

கரண்ட் வந்தது. ஈஸ்வரமூர்த்தி பெட்டியைப் போட்டான். நடுவில் சுருதி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று ராமலட்சுமியிடம் கேட்டான். பேங்கில் அரைநாள் லீவு போட்டு வந்தவள் அவள். (முதல் வரைவில் அவளைப் பயந்த சுபாவமாக எழுதினேன். அவள் ஒப்பவில்லை.)

"பெட்டி எறங்கினா நானும் கூடவே எறங்கிக்கறேன். நீங்க நிறுத்தப்படாது, அவ்வளவுதான்."

பாட்டு கிளம்பியது. பாதியில் வயலின் ஒரு தாவு தாவி மேலே ஏற, கம்பெனிக்காரரின் தலை தானாக ஆடியது. ஈஸ்வரமூர்த்தி வாசித்துக்கொண்டே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். நஞ்சப்பன் சுவிட்சில் கைவைத்து நிற்கிறார். அவருடைய கால் தாளம் போடுகிறது.

5

அவர் பொறுத்துக்கொள்கிறார், பாட்டு சுத்தமாக முடிகிறது என்று எழுதலாம். இல்லை, சுவிட்சைப் போட்டுவிடுகிறார், பெட்டியும் வயலினும் கைகோத்துக்கொண்டு சறுக்குகின்றன, கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்கிறார். மூன்றாவதாக, நஞ்சப்பனின் மனைவி...

(இந்த வரியை அடித்துவிட்டேன்.)

பாட்டில் நான் கேட்காத இடத்துக்கு வந்துவிட்டோம், பஸ் கிளம்புகிறது. சுவிட்சில் இருக்கும் நஞ்சப்பனின் கையை உங்களிடம் விட்டுப் போகிறேன். பயிர் வாடுகிறது, பாட்டும் ஓடுகிறது. போடுவதானால் பயப்படாமல் போடுங்கள். ராமலட்சுமி வயலின் வில்லை நிறுத்த மாட்டாள்.