சாம்பல் நிறத் தொழிற்சாலை

“மாடல் குழுவோட தலைமைப் பொறுப்ப எனக்குத் தாங்க சேர்” என்றாள் நிலுக்ஷி.

வாய் திறந்து பதவி கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று சொல்லிச் சொல்லித்தான், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா அவளைப் பட்டதாரியாக்கிப் பதுளைக்கு வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

கணினி விளையாட்டு நிறுவனத்தின் முதலாளி கிஷாந்தன் சிரித்தார். “அதை வதனிக்குக் குடுத்தாச்சு, தங்கச்சி.”

கூட வேலை செய்யும் வதனி கணினியில் செய்த தேயிலைத் தொழிற்சாலையின் முப்பரிமாண மாடல் அழகாகத்தான் இருந்தது. நிலுக்ஷிக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான். ஆனால் இன்று காலை வாடிக்கையாளர் திறந்து பார்த்தபோது, தகரமும் செங்கல்லும் தெரியாமல் கட்டடம் வெறும் சாம்பலாக நின்றது. வடிவம் மட்டும் அடங்கிய எஃப்பிஎக்ஸ் கோப்பை அனுப்பிவிட்டு, அதன்மேல் போர்த்தும் படங்களைத் தன் மடிக்கணினியிலேயே விட்டிருந்தாள் வதனி.

“படத்தயும் உள்ளயே வச்சு ஒரே ஜிஎல்பி கோப்பா அனுப்புங்கன்னு அவங்ககிட்ட போன வாரமே சொன்னேனே!”

“பாவம், பிள்ளை மறந்துபோச்சு. நீர் ஒருக்கா திருத்திக் குடும்.”

பாவமாம்! தன் தவறுக்கு ஒருநாளும் கிடைக்காத அந்தச் சொல், பதவி கைநழுவியதைவிட அதிகமாக அவளைச் சுட்டது.

“அவங்கதானே தலைவி? அவங்களே திருத்தட்டும். நான் வேலைய விட்டுப் போறேன்.”

கேட்டது கிடைக்காது என்று தெரிந்தே மேசையைக் காலையிலேயே காலி செய்திருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.