மொரேனோ வீட்டுப் பெயர்

“உன் வீட்டுப் பேரு என்ன?” என்று செல்வாம்பாளை மதாம், அதாவது பிரெஞ்சு டீச்சர், கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள். தன் பேர் தெரியும், அப்பா பேர் தெரியும். வீட்டுக்கென்று ஒரு பேர் உண்டென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்பா பேரையே சொல்லிவைத்தாள்: அம்மாவாசை. பின்பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு முன்பெஞ்சு வரைக்கும் வந்தது. அடுத்து நின்றவள் ரோசா. “மொரேனோ” என்றாள். மதாம் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் கல்கண்டு போட்டுக்கொண்ட முகத்தோடு எழுதிக்கொண்டாள். எட்டு வருஷம் ஆகியும் அந்தக் கல்கண்டு செல்வாம்பாளின் தொண்டையில் கரையாமல் கிடந்தது.

இத்தனைக்கும் இருவரும் பங்காளி வீட்டுப் பெண்கள். இருவருடைய கொள்ளுத்தாத்தாக்களும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவர் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்தக் காலத்தில், சாதி வழக்கத்தை விட்டு இனிமேல் பிரெஞ்சுச் சட்டப்படி நடப்போம் என்று கையெழுத்துப் போட்டவர்கள், தலைமுறைக்கும் நிற்கிற மாதிரி ஒரு குடும்பப் பெயரையும் எழுதிக்கொடுக்க வேண்டும். மூத்தவர் மொரேனோ என்று எழுதிக்கொடுத்தார். அது ஸ்பெயின் தேசத்துப் பேர் என்றும், கடலில் விழுந்த கப்பல் தலைவனை அவர் முடியைப் பிடித்துத் தூக்கியதால் அந்த மனிதன் தன் பேரையே பரிசாகக் கொடுத்தான் என்றும் ரோசா வீட்டில் சொல்வார்கள். இளையவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் வம்சத்துக்கு வீட்டுப் பேரும் இல்லை, வீடும் இல்லை. வைத்திக்குப்பத்தை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, செல்வாம்பாளின் அப்பா கைரிக்ஷா இழுத்தார்.

வயசுக்கு வந்ததும் செல்வாம்பாளுக்குப் பள்ளிக்கூடம் நின்றது. கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் சேர்ந்தாள். பேசத்தான் அவளுக்குக் கூச்சமே தவிர, கைக்கு இல்லை. ஆறே மாதத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவேலை செய்யும் பெண்களில் அவளே முதலாவதாகிவிட்டாள். அதனால்தான் ரோசாவின் கல்யாணச் சீர்த்துணிகள் அவளிடம் வந்தன.

அது அறுபத்திரண்டாம் வருஷத்து மழைக்காலம். பிரெஞ்சு ஆட்சி ஊரை விட்டுப் போய்விட்டதால், இனியும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. ரோசா வீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அலெக்சாண்டர் பாரீசில் இருந்தான். தை பிறந்ததும் வந்து தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போவான். பன்னிரண்டு படுக்கை விரிப்பு, இருபத்துநாலு தலையணை உறை, ஒவ்வொன்றின் மூலையிலும் ரோசாவின் முதலெழுத்தும் மொரேனோவின் முதலெழுத்தும் கொடி மாதிரி பின்னிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் மாதிரித் தாளில் ரோசாவின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் செல்வாம்பாள் தன் எழுத்தை வரைந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ரோசாவின் எழுத்தைவிட வளைவு அழகாக விழுந்தது. யாரோ வருகிற சத்தம் கேட்டு, அந்தத் தாளை இஸ்திரிப் பெட்டியின் கங்குக்குள் போட்டு மூடினாள். இஸ்திரி போட்டு முடிக்கும் வரைக்கும் அந்தக் கரிந்த வாடை போகவில்லை.

தையல் கூடத்தைப் பார்த்துக்கொண்ட வயதான கன்னியாஸ்திரியை மாசேர் என்று கூப்பிடுவார்கள். பிரான்சும் ஸ்பெயினும் சேருகிற மலையடிவாரத்தில் பிறந்தவள். விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், யார் வீட்டுத் துணி என்று கேட்டாள். மொரேனோ வீட்டுத் துணி என்றதும் சிரித்துவிட்டாள்.

“எங்க ஊர்ல அந்தப் பேர் நெறைய. கறுத்த மனுஷன்னு அர்த்தம், பிள்ளே. பொண்ணு கறுப்பா?”

ரோசா மாநிறத்துக்கும் கீழேதான். செல்வாம்பாள் ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, பெரிய தாத்தாவுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டாள். மகள் தானாக வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அம்மாவாசைக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

“கடல்ல விழுந்தாரு, முடியப் புடிச்சாருன்னு அவுங்க சொல்றது சும்மா. கப்பல்ல வெள்ளக்காரனுங்க அவரு நெறத்தப் பாத்து அப்பிடிக் கூப்ட்டானுங்க. பதினோரு வருசம் அந்தப் பேரச் சொல்லித்தான் சோறு கேட்டானுங்க. ஆபீசுல பேரு கேட்டப்ப அதையே சொல்லிட்டாரு.” ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டு அவர் சிரித்தார். “அவரு நெசப் பேரு அம்மாவாசை. செத்ததுக்கப்புறம் அந்தப் பேரு இல்லாமப் போயிடக் கூடாதுன்னு தம்பிக்காரரு எனக்கு வச்சாரு. பேரன் மேல அவ்வளவு ஆசைன்னு நெனச்சிக்காத. அண்ணன் மேல ஆசை.”

அந்த வாரம் முழுக்கச் செல்வாம்பாளின் கை பறந்தது. தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. மடியில் ஒரு ஊசியைக் குத்தி வைத்திருப்பது போல, அடிக்கடி தொட்டு, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளன்று மேகம் கறுத்திருந்தது. அம்மாவாசை ரிக்ஷாவின் மிதிபலகையில் மரப்பெட்டியை ஏற்றிக் கட்டிவிட்டு, மகள் உட்காருவதற்காக இருக்கையில் காய்ந்த சாக்கு ஒன்றை மடித்துப் போட்டார். அவள் ஏறவில்லை. நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மிஷன் தெருவிலிருந்த ரோசா வீடு வரைக்கும் வண்டிக்குப் பத்தடி பின்னால், யாரோ போல வந்தாள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் நடைக்குத் தக்கபடிதான் இழுத்தார்.

வாசலில் கயிற்றை அவர் அவிழ்த்துக்கொண்டிருக்க, அவள் மேலாக வைத்திருந்த விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் அலெக்சாண்டரின் அம்மா உட்கார்ந்திருந்தாள். விரிப்பை மடிமேல் போட்டுக்கொண்டு எழுத்தை விரலால் தடவினாள். என்ன இருந்தாலும் பெரிய வம்சத்துப் பேர், எழுத்திலேயே தெரிகிறது என்றாள். பிறகு செல்வாம்பாளைப் பார்த்து, வாசலில் நிற்கிற ரிக்ஷாக்காரர் மகளா என்று கேட்டாள்.

ரோசா முந்திக்கொண்டாள். “எங்க சித்தப்பா பொண்ணு. எனக்குத் தங்கச்சி மொற.”

அதைச் சொல்ல ரோசாவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. தானம் கொடுப்பதுபோலச் சொல்லியிருந்தாலாவது செல்வாம்பாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ரோசா அவள் தோளில் கைபோட்டு, சாதாரணமாகச் சொன்னாள். எல்லாம் இருக்கிறவளுக்குத்தான் இப்படிச் சாதாரணமாக இருக்க முடியும்.

மாமியார்க்காரி புருவத்தை உயர்த்தினாள். “ஒரே ரத்தமா இருந்து இன்னா பண்றது? பேருன்னு ஒண்ணு வாய்க்கணும் இல்ல?”

“அந்தப் பேருக்குக் கறுப்பன்னு அர்த்தம்” என்றாள் செல்வாம்பாள்.

தன் குரல் அவ்வளவு தெளிவாக வரும் என்று அவளுக்கே தெரியாது. ரோசாவின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. இறங்கட்டும் என்றிருந்தது. “கப்பல்காரன் குடுத்த பரிசெல்லாம் இல்ல. நெறத்தப் பாத்துக் கேலியாக் கூப்ட்டது. மாசேர் சொன்னாங்க. அவரு நெசப் பேரு அம்மாவாசை. அந்தப் பேர வச்சிக்கிட்டு மனுசன் தலநிமிந்து நிக்க முடியாதுன்னு கடல்ல வீசிட்டு வந்துட்டாரு. நான் எங்க கொண்டுபோய் வீசறது?”

அலெக்சாண்டரின் அம்மா எழுத்தின் மேலிருந்த விரலை எடுத்துக்கொண்டாள். ரோசாவின் முகத்தில் எட்டு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட ஒன்று இப்போது வரும் என்று செல்வாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ரோசா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி நிலைப்படியைப் பார்த்தாள்.

“சித்தப்பா” என்றாள், சத்தமில்லாமல்.

அம்மாவாசை தோளில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. குனிந்து, ஓசைப்படாமல் பெட்டியைக் கூடத்துத் தரையில் இறக்கினார். மூடிமேல் அவருடைய வியர்வை இரண்டு சொட்டு விழுந்திருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து, துணியில் கறை இறங்கிவிடக் கூடாதே என்பதுபோல, அந்த இரண்டு சொட்டையும் ஒற்றி எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

செல்வாம்பாள் வாசல்வரைக்கும்தான் வந்தாள். அவர் வண்டியின் கைகளுக்கிடையே நுழைந்து நிமிர்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத இருக்கையில் அவளுக்காக மடித்துப் போட்ட சாக்கு அப்படியே இருந்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுந்தது, வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் முழுக்கக் கறுத்துவிட்டது.