பிரேக்குக்காகக் கீழே வைத்த காபி

சல்த் ஊரின் மலைச்சரிவில் அபூ ராக்கானின் வேன் இறங்கி வருவதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேல் வளைவில் அவர் பிரேக்கை மிதித்தால் கீழ்த்தெருப் பூனைகள் மதிலேறிவிடும். ரொட்டிக்கடை ஸுஹைர் அவருக்கான ரொட்டியைச் சூடாகக் கட்டிவைத்துவிடுவார். எதிர்வீட்டம்மாள் தொட்டில் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்வாள்.

அபூ ராக்கானைக் கேட்டால், நல்ல வண்டி என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும் என்பார். அது பொய் என்று அவருக்கே தெரியும். முன்சக்கரத்து பிரேக் பேடுகள் தேய்ந்து, வெறும் இரும்பு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மாற்றக் கூடாது என்றில்லை, கையில் காசும் இருந்தது. எதை வாங்குவது என்று முடிவு செய்யத்தான் பயம். முன்பொருமுறை அவராகப் பார்த்து வாங்கிய பேட்டரி ஒரே மாதத்தில் கண்ணை மூடிவிட்டது. அவர் மனைவி விஜ்தானின் தம்பி ஹைஸம் அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட்டதில்லை.

அதனால் அவர் உதிரிபாகக் கடைக்குப் போவார், உட்காருவார், டீ குடிப்பார். அங்கே யோசனைக்கா பஞ்சம்? ஒரிஜினல் பேடைத் தவிர வேறு எதைப் போட்டாலும் உன் மனைவி விதவைதான் என்றார் ஒருவர். துருக்கிச் சரக்கு ஒன்றும் மட்டமில்லை என்றார் இன்னொருவர். சீனப் பேடே போதும், பழைய டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். பேடை மட்டும் புதிதாகப் போடுவது பழைய மாமியாரிடம் புது மருமகளை விடுவது மாதிரி, இரண்டையும் சேர்த்து மாற்று என்றார் வண்டியே இல்லாத ஒருவர். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அபூ ராக்கான் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு சீட் உறை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அடுத்த முறை வாசனை அட்டை. அதற்கடுத்த முறை, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவைக்கத் தலையாட்டும் நாய்ப்பொம்மை. அது அவரைப் போலவே எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்தோடு மலையடிவாரத்து மாமியார் வீட்டுக்குப் போவது வழக்கம். ஒரு வெள்ளியன்று வேன் மாமியார் வாசலில் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, சாவகாசமாக உருண்டு, அடுத்த வீட்டு மாதுளை மரத்தில் சாய்ந்து நின்றது. வேனின் கூரைமேல் பழங்கள் பொத் பொத்தென்று விழுந்தன. நின்றுவிட்டதா இல்லையா என்று கேட்டார் அபூ ராக்கான்.

விஜ்தான் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினாள்.

"இனி இந்த வண்டியில நானும் ஏறமாட்டேன், புள்ளைங்களும் ஏறாது. நீங்களும் ஏறாதீங்கன்னா கேக்கவா போறீங்க?"

அவர் கேட்கவில்லை. அவளும் கெஞ்சினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஒரு வாரம் சோற்றில் உப்புப் போடாமலும் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

அடுத்து வந்த வியாழன் மாலை, துவைத்த அங்கியும் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியுமாக ஆண்கள் கூட்டமொன்று வீட்டுக்குள் வந்தது. முன்னால் அபூ ஷிலாஷ். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் பெண் கேட்கப் போனாலும் கூட்டத்துக்கு வாய் அவர்தான். கடைசியில் ஹைஸம், தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நல்ல பிள்ளையாக வந்தான். அபூ ராக்கானுக்கு நெஞ்சு குதித்தது. மருந்துக்கடைக்காரர் மகனுக்குத்தான் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்! மகள் அரீஜுக்கு அந்த இடம் அமைய வேண்டுமென்று அவர் தொழுகைதோறும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டியது வாசலேறி வந்துவிட்டது என்று எண்ணி, தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார்.

அபூ ஷிலாஷ் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"அபூ ராக்கான், ஒரு வேண்டுதலோட வந்திருக்கோம். நீங்க சரின்னு சொல்லாம இந்தக் காபி எங்க தொண்டையில இறங்காது."

என்ன வேண்டுதல் என்று கேட்பதுதான் முறை. சந்தோஷம் முந்திக்கொண்டது.

"குடிங்க, குடிங்க. எதுக்கு வந்தீங்களோ அதைக் குடுத்துட்டேன்."

கூட்டம் ஒரே குரலாக இறைவனைப் புகழ்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து விஜ்தான் குலவையிட்டாள். அபூ ஷிலாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வழக்கமான கல்யாணப் பேச்சை எடுத்தார்.

"நல்ல குலம், நல்ல பேரு. அடக்கமான குணம், வாயைத் திறந்து ஒரு சத்தம் போடாது. உங்க வேனுக்கு நாலு ஒரிஜினல் பேடும் ரெண்டு புது டிஸ்க்கும் கேட்டு வந்தோம். நீங்களும் குடுத்துட்டீங்க."

அபூ ராக்கான் கையில் காபிக் கெண்டியோடு அப்படியே நின்றார்.

"அப்ப பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" என்றார் அபூ ஷிலாஷ், காபியை உறிஞ்சியபடி.

கதவுக்குப் பின்னால் அரீஜ் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. கூட்டத்தை வரவழைத்தது விஜ்தானும் ஹைஸமும்தான் என்று அவருக்கு விளங்கியது. சபையில் கொடுத்த வாக்கை விழுங்க முடியாது. ஆனால் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அவருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. தேர்ந்தெடுத்தது அவரல்லவே! நாளை இந்த பேடும் பேட்டரி வழியில் போனால், இந்தக் கூட்டத்தைப் பார்த்தல்லவா ஊர் சிரிக்கும்? அதிலும் ஹைஸமைச் சேர்த்து. அவர் தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

மறுபடி சீட் உறை வாங்கிவிடக் கூடாதென்று சனிக்கிழமை காலை கூட்டமே கார்களில் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைக் கடைக்கு அழைத்துப் போனது. மெக்கானிக் பேடையும் டிஸ்க்கையும் மாட்டி முடிக்க மாலையானது.

மேல் வளைவில் பிரேக்கை மிதித்தார். வேன் வழுக்காமல் அடங்கியது, சத்தமே இல்லை. பூனைகள் அசையவில்லை. ஸுஹைர் ரொட்டி கட்டிவைக்கவில்லை. அபூ ராக்கான் மாப்பிள்ளை மிடுக்கோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

விஜ்தான் வெளியே கிளம்பும் கோலத்தில் சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். பாத்தியா, சத்தமே இல்ல!"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"தெனமும் அந்தச் சத்தம் வளைவுல கேட்டாத்தான் எனக்கு உசிரே வரும். இன்னைக்குக் கேக்கல. புது பேடு போட்டதே மறந்துபோச்சு. மலையில எங்கயோ விழுந்துட்டீங்கன்னு தேடிக் கிளம்பிட்டேன்."

அவருக்கு இது தெரியாது. இத்தனை மாதமும் அவள் ஜன்னலில் நின்றது காற்றுக்காக என்றே நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது, மனம் நிறைந்தும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து மேல் வளைவில் அவளுக்காக நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை விஜ்தான் முன்சீட்டில் ஏறினாள். சீட்டைப் பிடிக்காமல் மடியில் இனிப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். அதிகாலையில் வண்டி வந்தாலும் ஹாரன் மட்டும் நின்றபாடில்லை. பூனைகள் மறுபடி மதிலேறின, எதிர்வீட்டம்மாளும் மறுபடி வாயைத் திறந்தாள்.

ஒரு வியாழன் மாலை அதே கூட்டம் வந்தது. அபூ ஷிலாஷ் காபியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வேண்டுதலோடு வந்திருப்பதாகச் சொன்னார். அபூ ராக்கான் இம்முறை வாயைத் திறக்காமல் கதவைப் பார்த்தார்.

அங்கிருந்து விஜ்தானின் குரல் வந்தது.

"ஹாரன் விஷயம்னா, காபி ஆறட்டும்னு சொல்லுங்க."