இறங்காத பயணி

சீயக்காய்த் தண்ணீரை மொண்டு துளசிங்கத்தின் தலையில் ஊற்றும்போது, அம்சாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. புருஷனுக்குக் கடைசிக் குளியல் நடக்கிற நேரத்தில் போனை எடுப்பவளை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது விட்டபாடில்லை. சொம்பை மகன் விஷ்ணுவிடம் கொடுத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கச் சந்தில் போய் நின்றாள்.

“மேடம், கப்பல்லேர்ந்து பேசறோம். ரூம் நம்பர் எழுபது நாப்பத்திரண்டுதானே?” சின்னப் பெண்ணின் குரல்.

“ஆங்.”

“உங்ககூட வந்த துளசிங்கம் சார் இன்னும் எறங்கலன்னு காட்டுது மேடம். அஞ்சு மணிக்கு நாங்க அடுத்த ட்ரிப் கெளம்பணும். அதுக்குள்ள பழைய பேசஞ்சர் எல்லாரும் எறங்கியிருக்கணும். சார் எங்க இருக்காருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

அம்சா எட்டிப் பார்த்தாள். சார் வாசலில் மரப் பெஞ்சின்மேல் படுத்திருந்தார். அவருடைய அக்கா அபிராமசுந்தரி அவர் நெற்றியில் வழிந்த சீயக்காயை வழித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கதாம்மா இருக்காரு.”

“இல்லியே மேடம். காலையில பத்தே காலுக்குக்கூட ஒம்பதாவது மாடியில டீ வாங்கியிருக்காரே. அட்டை போட்டிருக்காரு.”

ஆள் செத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டீ என்று அந்தப் பெண் சொன்னதுதான் அம்சாவின் வாயைக் கட்டிப்போட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

பத்தே காலுக்கு ஆம்புலன்ஸ் கனகம்மாசத்திரத்தில் நின்றிருந்தது. விஷ்ணு மாலை வாங்க இறங்கினான். அம்சா உள்ளே அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தேகமே கிடையாது.

வீட்டுக்குள் போய்க் கைப்பையைக் கவிழ்த்தாள். கப்பல்காரர்கள் கொடுத்த இரண்டு அட்டைகளும் இருந்தன. அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறைக் கதவு திறப்பதும் அதில்தான், விளக்கு எரிவதும் அதில்தான், டீ கிடைப்பதும் அதில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் வாசலில் ஒரு மிஷினில் அதை வைத்தால் டிங் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் ஆள் ஏறியதாகவோ இறங்கியதாகவோ அர்த்தம். அட்டை இல்லாவிட்டால் அந்தக் கப்பலில் மனுஷனே இல்லை.

திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றுதான் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சும்மா நான்கு நாள் சுற்றிவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. விஷ்ணு சொன்னான். சென்னையில் வேலை பார்க்கிறவன், அப்பா அம்மாவுக்கு அவனே டிக்கெட் எடுத்தான். துளசிங்கம் முப்பத்தாறு வருஷமாக எட்டு விசைத்தறிகளுக்கு நடுவே நின்ற மனுஷர். காது பாதி போய்விட்டது, பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. அப்படிப்பட்டவர் கப்பல் என்றதும் கேள்வியாகக் கேட்டு டிக்கெட் ஏஜென்டைத் துளைத்துவிட்டார். சாம்பார் கிடைக்குமா, வெந்நீர் வருமா, கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும், புயல் வந்தால் நடுவில் இறக்கிவிடுவார்களா, இட்லிப் பொடி கொண்டு போகலாமா. பொடியெல்லாம் கூடாது என்றார்கள். அம்சா ஜாக்கெட்டுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுபோனாள். யாரும் பிடிக்கவில்லை.

கப்பலில் ஏறிய மனுஷர் வேறு ஆளாகிவிட்டார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு நின்றபோது சிரித்தார். சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்கிற பையன் துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போனால், அதைக் கலைக்க விடாமல் தரையில் படுத்தார். “நீ இன்னா சாப்புடற?” என்று அவளைக் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கேள்வியை அவள் கேட்டவள்; கேட்கப்பட்டவள் இல்லை. எட்டுத் தறிச் சத்தம் இல்லாத இடத்தில் இந்த மனுஷருக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பால்கனி நாற்காலியில் டீயோடு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். முகம் கடலைப் பார்த்தபடி இருந்தது.

கப்பலிலேயே டாக்டர் இருந்தார். செத்தவர்களை வைக்கக் குளிரூட்டிய அறையும் இருந்தது. எல்லாக் கப்பலிலும் இருக்குமாம், யாரிடமும் சொல்லமாட்டார்களாம். இவர்தான் ஆயிரம் கேள்வி கேட்டாரே, அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் விஷயம் தெரியாத அந்தப் பையன் வழக்கம்போல வந்து, கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு ஜோடி செருப்பு வைத்துவிட்டு, நடுவில் ஒரு துண்டு மயிலையும் உட்காரவைத்துவிட்டுப் போனான். விடியும்போது அவர் பக்கத்துச் செருப்பு பால்கனிக் கதவருகே கிடந்தது. தானே இடறித் தள்ளியிருப்போம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது உடம்பைத் துடைத்து வேட்டி கட்டியிருந்தார்கள். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரைகிற தெரு அது. அன்று மத்தியானம் ஆள் மூச்சு விடுவது கேட்டது. ஆம்புலன்ஸிலிருந்து உடம்பை இறக்கிய நான்கு பேரில் ஒருவனான பூபாலன், பெஞ்சிலிருந்து பாடைக்கு மாற்றும்போது மெதுவாகச் சொன்னான்.

“இன்னாடா இது, மாமா இவ்ளோ லேசா இருக்காரு? பஞ்சு மூட்டை மாதிரி.”

“கம்முனு தூக்குடா” என்றான் கூடத் தூக்கிய வீரபத்திரன்.

அபிராமசுந்தரி காதில் அது விழுந்துவிட்டது. தம்பி உடம்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராக அம்சாவிடம் வந்தாள். புகுந்த வீட்டில் அம்சாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்த ஊரை வைத்து மணவூராள் என்பார்கள்.

“மணவூராளே, உண்மையைச் சொல்லு. எறங்கும்போது அவனக் கூப்ட்டியா?”

அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் உயிர் போனால், அந்த இடத்து வாசலை உடம்பு தாண்டும்போது கூட இருந்தவர் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் உடம்பு வரும், ஆள் வரமாட்டார். சூரத்துக்குத் தறி ஓட்டப் போய்ச் செத்த ராஜவேலுவை அப்படி யாரும் கூப்பிடவில்லை. எரித்து மூன்று மாதம் ஆன பிறகும் சூரத்திலிருந்து ஆள் வந்து, ராஜவேலு சம்பளம் வாங்காமலே வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னதாகப் பேச்சு.

“கூப்ட்டேன் அண்ணி” என்றாள் அம்சா.

பொய். துறைமுகத்தில் உடம்பைக் காய்கறி ஏற்றுகிற கீழ்வாசல் வழியாக இறக்கினார்கள். அவளை மேல்வாசல் வரிசையில் அனுப்பினார்கள், தொப்பியும் சிரிப்புமாக நின்றவர்களோடு. காவலுக்கு நின்றவன் “சார் வரலியா?” என்று கேட்டான். அவள் சட்டென்று, “பின்னாடி வராரு” என்றாள். மலைப்படியிலும், கல்யாண மண்டபத்திலும், பஸ் ஏறும்போதும் அவள் முப்பத்தாறு வருஷமாகச் சொன்ன பதில் அது. அவர் எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தன் அட்டைக்கு டிங் என்ற சத்தம் வந்ததா என்று அவள் கவனிக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்பது கார் பார்க்கிங்கில்தான் ஞாபகம் வந்தது. வந்திருந்தாலும் எப்படிக் கூப்பிட்டிருப்பாள்? புருஷன் பேரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைக் காட்டுவாள்.

பின்னாடி வருகிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அங்கே டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த நினைப்பே அம்சாவுக்குப் பயமாக இருந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது, அதுதான் அதைவிடப் பயமாக இருந்தது. இருக்கட்டுமே. அந்த மனுஷருக்கு அங்கே பிடித்திருந்தது. இந்தச் சந்துக்கும் எட்டுத் தறிக்கும் எதற்காகத் திரும்பக் கூப்பிட வேண்டும்? ஆனால் அஞ்சு மணிக்குக் கப்பல் போய்விடும். அந்த அறைக்கு வேறு யாரோ வருவார்கள். கட்டிலில் வேறு யாருடைய யானையோ உட்காரும். இவர் யாரையும் தெரியாமல், போக இடம் இல்லாமல், பால்கனியில் நிற்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அழாதவள் இப்போதாவது அழுதாளே என்று பெண்கள் ஆறுதலாகச் சேர்ந்து அழுதார்கள்.

மணி நாலு. வெளியே மேளக்காரர்கள் தயாரானார்கள். விஷ்ணு தீச்சட்டியை எடுத்தான்.

அம்சா போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டாள்.

“ம்மா, எங்கம்மா போன் பண்ற இப்போ?” என்றான் விஷ்ணு.

“ஒரு நிமிஷம் இரு நைனா.”

மறுமுனையில் அதே பெண். “சொல்லுங்க மேடம். சார் கெடச்சாரா? நீங்க அவரு பேரச் சொல்லி எறங்கிட்டாருன்னு உறுதி பண்ணா, நானே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்.”

“போனை அங்க வெளிய புடிம்மா. வாசல் பக்கமா.”

“மேடம்?”

“கொஞ்சம் சத்தமா வை. சொல்றேன்.”

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, சரி என்றாள். போனில் காற்றுச் சத்தம் வந்தது. வாசல் நிறைய உறவுக்காரர்கள் நின்றார்கள். பாடை நடுவில் இருந்தது. அம்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

“துளசிங்கம்.”

அழுகை அப்படியே நின்றது. பொண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. யாரோ “அய்யய்யோ” என்றார்கள். அபிராமசுந்தரி மட்டும் கையை நீட்டி அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

“துளசிங்கம். வா, போலாம்.”

மூன்றாவது தடவை குரல் உடைந்தது. “துளசிங்கம். நம்ம ஊட்டுக்கு வா.”

போனில் காற்று நின்றது. “பேரு சொல்லிட்டீங்க மேடம், லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்” என்றாள் அந்தப் பெண். பிறகு காத்திருக்கச் சொல்கிற பாட்டு, கப்பலில் சாப்பாட்டு நேரத்தில் போடுகிற அதே பாட்டு, கேட்க ஆரம்பித்தது.

பூபாலனும் மற்றவர்களும் பாடைக்குத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பாதி எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பூபாலனின் முகம் வெளுத்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து கை கொடுத்த பிறகுதான் பாடை எழுந்தது. அபிராமசுந்தரி அதைப் பார்த்தாள். பிறகு அம்சாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கப்பலில் கூப்பிடவில்லை என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இப்போது கூப்பிட்டாயிற்று என்றும் தெரிந்துவிட்டது.

மேளம் தெருமுனை திரும்பி ஆற்றங்கரைப் பக்கம் போயிற்று. பொரியும் சாமந்தியும் வழியெல்லாம் கிடந்தன. அம்சாவின் காதில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வைத்துவிட மனம் வரவில்லை. பெண்கள் வாசலைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள்.

பாட்டு நின்றது.

“சார் எறங்கிட்டாருன்னு வந்துடுச்சு மேடம். ரொம்ப தேங்க்ஸ்.”

“சரிம்மா.” அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. “வெச்சுடட்டுமா?”

“இன்னொண்ணு மேடம். அதே ரூம்ல இன்னொரு பேரு காட்டுது. அவங்களும் எறங்கல. பால்கனிக் கதவு வேற தொறந்தே இருக்குன்னு காட்டுது.” அந்தப் பெண் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். “அம்சா. அவங்க உங்ககூட இருக்காங்களா மேடம்?”

“மணவூராளே, வா, தலைக்கு ஊத்திக்க” என்று கூப்பிட்டுக்கொண்டே அபிராமசுந்தரி நிறைகுடத்தோடு பின்னால் வந்து நின்றாள். அம்சா திரும்பவில்லை. போன் நனையாமல் இருக்க அதைக் கையில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தாள்.