காய் மேடும் பழ மேடும்

தின்றுபோட்ட சிப்பி ஓட்டைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிற வேலை எங்களுடையது. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். ஒரு வருஷம் வெயிலில் போட்டுப் புரட்ட வேண்டும். ஒட்டிய சதை அற்று, நோய்நொடி செத்த பிறகுதான் வலைப்பையில் கட்டிக் கடலில் இறக்கலாம். சிப்பிக் குஞ்சு வெறும் சேற்றில் தங்காது. ஒட்டிக்கொள்ள ஓடு வேண்டும். ஓட்டைப் புரட்டுகிறவன் நான். களத்துக்கு அதிகாரி என் மகள். வீட்டில் நான் அதட்டுவேன், களத்தில் அவள் அதட்டுவாள்.

மறுநாள் படகு. குஞ்சுகள் மிதந்து இடம் தேடுகிற பருவம் இரண்டே வாரம். விட்டால் அடுத்த வருஷம்தான். அது என் மகளின் முதல் திட்டு. என்னிடம் வாங்கிய திட்டைச் சொல்லவில்லை, கடலடியில் எழும்பப் போகிற சிப்பித் திட்டு.

படகுக்கு முந்தின நாள் காலையில் பழைய மேட்டில் கைவைத்தேன். எறும்பு ஏறியது. வெறும் ஓட்டில் எறும்புக்கு என்ன சோலி?

"ஏத்தாதீங்க" என்று மூட்டை கட்ட வந்த ஆட்களிடம் கத்தினேன்.

மகள் ஓடி வந்தாள். "அப்பா, நேரங்காலம் தெரியாம விளையாடாதீங்க. ஒரு வருஷம் கெடந்த மேடு இது."

"எறும்பு அப்படிச் சொல்லலையே."

லாரிக்காரனைக் கூப்பிட்டேன். புது ஆள். வந்த நாளிலிருந்தே அவன்மேல் எனக்குச் சந்தேகம். யார்மேல்தான் இல்லை?

"போன வாரம் வந்த ஈர மூட்டை பன்னெண்டையும் எங்கய்யா கொட்டுன?"

"போர்டைப் பாத்துதான் பெருசு கொட்டுனேன். அந்த மேட்டுல 'காய்'னு இருந்துச்சு. சரி, காய்ஞ்ச ஓடு, ஈரம் படக் கூடாதுன்னு இங்க வந்தேன். இங்க 'பழம்'னு இருந்துச்சு. அழுகி நாறுற சரக்கு இதுலதான்னு நெனச்சேன். எந்த அறிவாளி எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

வெயிலில் பழுக்காத புது ஓடு காய், பழுத்த பழைய ஓடு பழம். இதில் என்ன குழப்பம்? 'புதுசு, பழசுன்னு எழுதுங்கப்பா' என்று மகள் அன்றே சொன்னாள். 'படிச்சவளுக்கு இதெல்லாம் புரியாது' என்று வாயை அடைத்தவன் நான். இப்போது அவள் போர்டைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எறும்புச் சாரியைப் பிடித்துக்கொண்டே போனேன். மேட்டின் கிழக்கு மூலைக்குள் நுழைந்தது. "பன்னெண்டு மூட்டையும் இங்கதான். இதை மட்டும் தள்ளிட்டா மிச்சத்தை ஏத்தலாம்."

"வேணாம்ப்பா" என்றாள் மகள். "அதைத் தொட்டுக்கிட்டுக் கெடந்ததும் போகக் கூடாது. பாதி மேடு நின்னாலும் நிக்கட்டும். சந்தேகப்பட்ட ஓடு ஒண்ணுகூடத் தண்ணியில விழக் கூடாது."

என் ரத்தம், வேறெப்படிப் பேசும்?

லாரிக்காரனும் மண்வெட்டி எடுத்தான். பொழுது சாய மூலையையும் அதை ஒட்டிக் கிடந்ததையும் பிரித்தெடுத்தோம். படகு பாதிச் சுமையோடுதான் போனது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று படகுக்காரன் சிரித்தான். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மாதம் கழித்து, கடல் வற்றிய நேரத்தில் ஓர் ஓட்டை என்னிடம் நீட்டினாள். நிறையக் குஞ்சு. நான் நம்பவில்லை, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியிருப்பாள். முழங்கால் சேற்றில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நானே ஒன்றை உருவினேன். பதினாறு. ஒவ்வொன்றும் நகத்தளவு. சுரண்டிப் பார்த்தேன், ஓட்டைவிட்டு அசையவில்லை.

"பரவாயில்லையாப்பா?"

"பரவாயில்லையாவது! அந்தப் படகுக்காரனைக் கூப்பிடு. கரையில நிக்கிற அத்தனை பேரையும் கூப்பிடு. என் மக கட்டுனதை வந்து பாக்கட்டும்."