பட்டியலில் பத்தாவது

வசந்தினி மொன்றியலுக்கு வந்திறங்கிய மூன்றாம் நாள், அண்ணன்காரன் தேவதாசன் அவளை மவுண்ட் ரோயல் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றில் இருத்தி, பனிச் சரிவில் தள்ளிவிட்டான். சைபருக்குக் கீழே பதினெட்டுக் குளிர். நாற்பத்தாறு வயதுப் பெண், பிறந்ததிலிருந்து திருகோணமலை வெயிலைத் தவிர வேறொன்றையும் கண்டறியாதவள், அண்ணியின் பழைய சிவப்பு ஜாக்கெட்டுக்குள் பொட்டலமாகச் சுருண்டு, சுழன்று சுழன்று கீழே போனாள். "வந்த களை ஆறட்டும், அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் படுக்க விடுங்கோவன்" என்று அண்ணி செலீன் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். தேவதாசன் கேட்கவில்லை. பட்டியலில் முதலாவது அதுதான்.

பட்டியலின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். வசந்தினி உல்லாசப் பயணம் வந்தவளல்ல. அவளுடைய புருஷன் உதயனை இரண்டாயிரத்தெட்டில் வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, தன்னைப் போன்ற மற்றப் பெண்களோடு, அவன் எங்கே என்று கேட்டுத் தெருவோரத்தில் நிற்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. போன வருஷம் பெயர் சொல்லாத இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தார்கள். இரண்டாம் முறை வந்தபோது, தெருவில் அவள் நிற்கும் படமொன்றை மேசையில் வைத்துவிட்டு, "இதிலை நல்லாய் விழுந்திருக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

ஆனால் உயிருக்குப் பயம் என்று எழுதினால் எவன் விசா தருவான்? மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் சிவராசா அண்ணைதான் வழி சொன்னார். "சும்மா தங்கச்சியைப் பாக்க ஆசை எண்டு எழுதினால் குப்பைக்குள்ளை போடுவாங்கள். வின்டர் பாக்க வாறா, இன்னின்ன இடத்துக்குப் போறா, இன்னின்ன விளையாட்டு எண்டு வடிவாய் எழுதோணும்." உல்லாசப் பயணிகளுக்கான இணையப் பக்கமொன்றைத் திறந்துவைத்து அவர் சொல்லச் சொல்லத் தேவதாசன் எழுதினான். பனிச் சறுக்கல், ஸ்கேட்டிங், உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடித்தல், நட்டநடுப் பனியில் வெந்நீர்த் தொட்டியில் கிடத்தல் என்று ஒன்பது வந்தது. சிவராசா அண்ணைக்கு ஒன்பது பிடிக்கவில்லை. மேப்பிள் மரச் சாற்றை இனிப்புப் பாணியாகக் காய்ச்சும் கொட்டிலுக்குப் போய்ப் பனியில் ஊற்றிய பாணி தின்பது என்பதையும் சேர்த்துப் பத்தாக்கினார். அடியில் தேவதாசன் கையெழுத்து வைத்தான்.

விசா கிடைத்துவிட்டது. எயார்போர்ட்டில் கேட்டபோது வசந்தினி பத்தையும் பாடமாக்கியபடி ஒப்புவித்தாள். அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திவிட்டான்.

மலையடிவாரத்தில் வளையம் போய் நின்றதும் தேவதாசன் மூச்சிரைக்க ஓடினான். அவள் பனியில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. பதினைந்து வருஷமாக அந்த முகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு.  அவன் போனை எடுக்க மறக்கவில்லை.

"அப்பிடியே கிட. ஆடாதை" என்று சொல்லிப் படம் எடுத்தான்.

வீடு இருக்கும் லாசாலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் மெல்லக் கேட்டாள். "அண்ணை, எப்ப போய்ச் சொல்லுறது?"

"என்னத்தை?"

"எனக்குத் திரும்பிப் போகேலாது எண்டதை."

"முதல் லிஸ்ட்டை முடிப்பம்" என்றான் தேவதாசன். "நான் கையெழுத்து வைச்ச கடிதம். எழுதினது ஒண்டு, செய்தது ஒண்டு எண்டால் உன்னையும் பிடிப்பாங்கள், என்னையும் பிடிப்பாங்கள். பேப்பரும் வாயும் ஒத்துப் போகோணும்."

இது அவனுடைய வேதவாக்கு. தொண்ணூற்றொன்பதில் அவனும் அகதியாக வந்தவன்தான். அப்போது அறையில் கூட இருந்த சூசைப்பிள்ளையின் வழக்கில் காகிதம் செவ்வாய்க்கிழமை என்றது, வாய் புதன்கிழமை என்றது. அந்த ஒரு நாளில் சூசைப்பிள்ளையின் வழக்கு கவிழ்ந்தது. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அன்றிலிருந்து ஒரு காகிதத்தையும் எறியவில்லை. சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிய முதல் நாள் கூலித் துண்டுகூட அவனிடம் இருக்கிறது.

ஆகவே ஆறு கிழமை ஓடியது. லீவு கிடைத்த நாளெல்லாம் அவளை எங்கேயாவது இழுத்துக்கொண்டு போனான். ஸ்கேட்டிங்கில் இருவரும் விழுந்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு எழும்பினான், மறுபடி விழுந்தான். உறைந்த ஆற்றில் நான்கு மணித்தியாலம் குந்தியிருந்தும் ஒரு மீன் அகப்படவில்லை. பக்கத்தில் பனிமேல் குடிசை போட்டு மீன் பிடித்தவனிடம் ஒன்றைக் கைமாற்றாக வாங்கித் தூக்கிப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தான். "சிரி, வசந்தி. பல்லுத் தெரியச் சிரி" என்பான். அவள் சிரிப்பாள். ரிக்கெட்டுகளைத் திகதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவைத்தான். விசாக்காரர் பேஸ்புக்கையும் பார்ப்பார்கள் என்று சிவராசா அண்ணை சொன்னதால், 'என் தங்கையின் பனிக்கால உல்லாசம்' என்று தலைப்பிட்டு நாற்பத்து மூன்று படங்களை ஏற்றினான். ஊர்ச் சொந்தமெல்லாம் விருப்பக்குறி போட்டது.

ஒன்பது முடிந்தது. பத்தாவதுக்கு மார்ச் பிறக்க வேண்டும், மரத்தில் சாறு ஏறினால்தான் பாணி. அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதா விடுவதா என்று தேவதாசன் இரண்டு மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். கடைசியில் செலீன் சண்டை பிடித்துத்தான் இருவரையும் சட்டத்தரணியிடம் அனுப்பிவைத்தாள்.

சட்டத்தரணி எலிசா முப்பது வயது கியூபெக்காரி. தேவதாசன் சந்தையில் பொறுக்கிய பிரெஞ்சில் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, நல்ல மார்க் எடுத்த பிள்ளையைப் போல அந்தப் பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். அவள் ரிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு பேஸ்புக்கைக் காட்டச் சொன்னாள். நாற்பத்து மூன்றையும் பார்த்தாள்.

"உயிருக்குப் பயந்து வந்தவர் முதல் நாளே வந்து சொல்லியிருக்க வேண்டும், மிஸ்யூ" என்றாள். "இதை எப்படி விளங்கப்படுத்தப் போகிறோம்?"

"கடிதத்தில் எழுதினதைத்தானே செய்தோம்?" என்றான் அவன்.

அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. படங்களை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். அழித்தால் இன்னும் மோசம் என்றாள் எலிசா.

அகதி விண்ணப்பம் பதிந்து விசாரணை நாள் வர ஒன்றரை வருஷம் எடுத்தது. அதற்கிடையில் வசந்தினி லாசாலிலேயே பாணும் கேக்கும் சுடும் ஆலையொன்றில் பொதி கட்டும் வேலைக்குப் போனாள். தெருவோரப் பனியைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். மலைப் பக்கம் ஒருநாளும் போகவில்லை.

விசாரணை எலிசாவின் அலுவலகத்தில், கணினித் திரையில் நடந்தது. திரையில் விசாரணை அதிகாரி, ரொறன்ரோவிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். கமெராவுக்குப் படாத மூலையில், வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு தேவதாசன். உதயனைக் கொண்டுபோன கதையை அவள் சொன்னாள். அந்த இரண்டு பேர் வந்ததைச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார், கெட்ட மனிதர் என்று சொல்வதற்கில்லை. பிறகு பேஸ்புக்கிலிருந்து எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டார். மலையடிவாரம். சிவப்பு ஜாக்கெட். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு.

"இது நீங்களா?"

"ஓம். நான்தான்."

"கனடாவுக்கு வந்து எத்தனையாம் நாள்?"

"மூண்டாம் நாள்."

"அந்த நேரம் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?"

தேவதாசன் மூலையில் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். பயம் எண்டு சொல்லு. சொல்லடி. ஒரு சொல்லு.

வசந்தினி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சந்தோஷமாய் இருந்தனான்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆறு கிழமையும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்து வந்தது. "அண்ணை முதல் எல்லாத்தையும் பாத்து முடிக்கச் சொன்னவர்" என்றாள் அவள். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். தான் சொல்லித்தான் அவள் காத்திருந்தாள் என்று அண்ணன் கொடுத்த சத்தியக் கடதாசியும் எலிசாவின் அரைமணி நேர வாதமும் அந்த எழுத்தை அழிக்கவில்லை.

வெளியே வந்ததும் தேவதாசன் தாங்க முடியாமல் கேட்டான். "ஏன் வசந்தி அப்பிடிச் சொன்னனீ?"

"உண்மையைச் சொல்லுறன் எண்டு சத்தியம் பண்ணினனான்தானே" என்றாள். "அண்டைக்கு உண்மையாய்ச் சந்தோஷம்தான் அண்ணை. சறுக்கிக்கொண்டு போகேக்கை ஒண்டும் ஞாபகம் வரேல்லை. அவரைக்கூட."

தீர்ப்பு பதினொரு பக்கம். நாட்டில் அவளுக்கு நடந்ததாகச் சொன்னதைப் பற்றி மூன்று பக்கம், அந்த ஆறு கிழமையைப் பற்றி ஐந்து பக்கம். பயந்த ஒருவரின் நடத்தையாக இது தெரியவில்லை என்று முடிந்திருந்தது. மேன்முறையீடும் மாசியில் விழுந்தது. மார்ச் இருபத்தேழாம் திகதி திருப்பி அனுப்பும் பயணம் என்று கடிதம் வந்தது. சிவராசா அண்ணை வீடு தேடி வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்துவிட்டுப் போனார். தேவதாசன் அன்றைக்குக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். தன்னைப் பிடித்துவிடுவார்களோ என்றும் பயந்துதானே அவளைக் காத்திருக்க வைத்தோம் என்ற எண்ணம் அவனைத் தின்றது. அதைச் செலீனிடமும் அவன் சொல்லவில்லை.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வசந்தினி சொன்னாள். "அண்ணை, பத்தாவது மிச்சம் கிடக்கு. போவம்."

அவளுக்கு ஏதோ ஆசையாக்கும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போனான். நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். இலையில்லாத மேப்பிள் மரங்கள், அடிமரத்தில் தொங்கும் வாளிகள், புகை கக்கும் பலகைக் கொட்டில். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் நீளத் தொட்டியில் நிரப்பிய பனியின்மேல் கொதிக்கும் பாணியைக் கோடு கோடாக ஊற்றினான். இறுகியதும் குச்சியில் சுருட்டித் தின்ன வேண்டும். வசந்தினி ஒரு வாய் வைத்தாள்.

"எங்கடை பனங்கட்டி மாதிரித்தான்" என்றாள். பிறகு குச்சியை அவனிடம் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த பையைத் திறந்தாள்.

உள்ளே செலீனின் கறுப்புக் கோட், ஒரு நீலச் சால்வை, மெல்லிய மழை ஜாக்கெட் ஒன்று.

"என்ன இது?"

"ஒவ்வொண்டாய்ப் போட்டு எடுங்கோ. எல்லாம் ஒரே சிவப்பு ஜாக்கெட் எண்டால் ஒரு மாதத்திலை எடுத்த படம் எண்டு பிடிச்சிடுவாங்கள்." அவள் கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். "கொழும்பிலை இறங்கினதும் கேப்பாங்கள், இரண்டு வருஷம் அங்கை என்ன செய்தனீ, ஆரிட்டை என்ன சொன்னனீ எண்டு. அண்ணன் வீட்டிலை நிண்டு ஊர் சுத்திப் பாத்தனான், இஞ்சை பாருங்கோ எண்டு காட்டோணும். பேஸ்புக்கிலை கிடக்கிற நாப்பத்து மூண்டையும் என்ரை போனுக்கு ஏத்தி விடுங்கோ. அது மட்டும் காணாது."

தேவதாசன் குச்சியைப் பனித் தொட்டியில் குத்தி வைத்தான்.

"பேப்பரும் வாயும் ஒத்துப் போகோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருப்பி அனுப்பப்பட்டு வருகிறவர்களைத் தனியறைக்குக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள் என்று அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். மேசையில் அவளுடைய படத்தை வைத்துவிட்டுப் போனவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துச் சரியென்று விட்டுவிடுவார்களா? விடமாட்டார்கள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அவளுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஆனாலும் அவளுக்கு வேறு காகிதம் எதுவும் கிடையாது.

அவன் போனைத் தூக்கினான். 

"ஆடாதேங்கோ அண்ணை. படம் கலங்கிப் போயிடும்."

கறுப்புக் கோட்டில் மூன்று எடுத்தான். நீலச் சால்வையோடு வாளிகளுக்குப் பக்கத்தில் இரண்டு. கடைசியாக அவள் அந்த மழை ஜாக்கெட்டில், அரைகுறையாகப் பனி கரைந்த வெறும் மண்ணில் போய் நின்றாள். மார்ச்சை ஒக்டோபர் என்று காட்டுகிற யோசனை அது. உதடு மட்டும் விரிந்தது.

"காணாது" என்றான் தேவதாசன். குரல் அவனுடையதாகவே இல்லை. "இன்னும் கொஞ்சம் சிரி, வசந்தி."

அவள் வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள். மலையடிவாரத்தில் சிரித்த அதே சிரிப்பு, ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அவன் அழுத்தினான். அவள் உடனே வாயை மூடிக்கொண்டு வந்து, அவனுடைய தோளோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

"நல்லாய் வந்திருக்கோ?"

"ஓம்" என்றான் தேவதாசன். "ஆர் பாத்தாலும் நம்புவினம்."