ஊன்றச் சொன்ன கால்

எழும்பச் சொல்லி வந்த பிள்ளையை மரியநேசன் அடிக்காத குறை.

ஒப்பரேசன் முடிந்து ஒரு இரவுதான் கழிந்திருந்தது. அவருடைய மனைவி பிலோமினா, மீன்வாடிக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர் ஊறிக் கிடந்த சீமெந்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். உடைந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். அவளுடைய முகத்தில் மயக்கக் களை கூடப் போகவில்லை. அதற்குள் பிசியோதெரபி பார்க்கிற நிரோஜா, வோக்கரைத் தூக்கிக்கொண்டு கட்டிலடிக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, இண்டைக்கு எழும்பி நிப்பம். ஒப்பரேசன் செய்த காலையும் பயப்பிடாமல் ஊண்டுங்கோ."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? தைச்சது இன்னும் காயேல்லை. ஊண்டினால் முறிஞ்சு போகாதோ?"

"முறியாது ஐயா. புது மூட்டு இறுக்கமாத்தான் இருக்கு. அம்மான்ர பாரத்தைத் தாங்கும். படுத்தே கிடந்தால்தான் வில்லங்கம்."

பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஐயோ மாதாவே" என்று அவள் கத்தியதும் மரியநேசன் பாய்ந்துபோய் அவளைக் கட்டிலில் இருத்திவிட்டார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் அவருடைய காலிலேயே இருந்தது. கடைசிச் சண்டையில் செல் துண்டு பட்டு இடது தொடை எலும்பு முறிந்தபோது, டொக்டர் காலை நிலத்தில் வைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். முகாமில் பிலோமினா காய்ச்சலோடு கிடந்த ஒருநாள் விடிய, தண்ணீர் வண்டி வந்த சத்தம் கேட்டு அவரே வாளியோடு இறங்கினார். தொடைக்குள் ஏதோ நொடுக்கென்று நொடித்தது. ஒட்டிக்கொண்டிருந்த எலும்பு விலகி, பிறகு கோணலாகவே பொருந்திக்கொண்டது. இன்றைக்கும் வள்ளத்தில் ஏறும்போது அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைப்பார்.

அதனால் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, "நடக்க விடுங்கோ ஐயா" என்று நிரோஜா திரும்பத் திரும்பச் சொன்னதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். முல்லைத்தீவுக் கரையில் இருந்த வீட்டுக்கு வந்ததும் வோக்கரைக் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார்.

"அந்தப் பிள்ளை நடக்கச் சொன்னதெல்லே?" என்று பிலோமினா கேட்டாள்.

"அதுக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போயிடும். நொண்டப் போறது நீ."

அவருடைய கால் கோணினதை அன்றாடம் பார்த்தவள் அவள். கட்டிலிலேயே சாய்ந்துகொண்டாள். அவர் கடலுக்குப் போவதை நிற்பாட்டினார். சோறு தீத்தினார், தலை இழுத்துவிட்டார், கொமட் கதிரைக்கும் கட்டிலுக்குமாக அவளைத் தூக்கி வைத்தார். ஒப்பரேசன் செய்த காலின் விரல்கூட நிலத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டார். தூக்கும்போதெல்லாம் அவருடைய காது அவளுடைய இடுப்புப் பக்கமே இருந்தது, ஏதாவது நொடிக்கிறதா என்று.

ஒருநாள் விடிய அவளை ஈரத்துணியால் துடைக்கும்போது அந்தக் காலின் கெண்டை கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. தோல் மினுங்கியது. தொட்ட கை சுட்டது.

"மூட்டு கழண்டிட்டுதோ அப்பா?" பிலோமினா அவருடைய கையைப் பிடித்தாள். "நான் ஊண்டவேயில்லையே."

மரியநேசன் ஆஸ்பத்திரிக்குப் போக வேலிக்கு மேலால் ஆள் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு சுஜிதனின் ஓட்டோவில் அவளைச் சாய்த்து ஏற்றி, அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் "மெல்ல, தம்பி, மெல்ல" என்றார். அடுத்த நிமிடமே "கெதியாப் போ" என்று அதட்டினார்.

எக்ஸ்றேயில் மூட்டு வைத்தபடியே இருந்தது. ஸ்கானில்தான் விசயம் தெரிந்தது: கெண்டைக்கால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டியிருந்தது. அது நகர்ந்து நெஞ்சுக்கு ஏறினால் மூச்சுக்கே ஆபத்து, ஆட்டம் அசைவில்லாமல் கிடந்தால் இப்படி வரக்கூடும் என்றார் டொக்டர். ஊசி போடத் தொடங்கினார்கள். பிலோமினா ஒருமுறை இருமினாலும் மரியநேசன் வாங்கிலிலிருந்து துள்ளி எழும்பினார். உடைந்து போகும் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்த கால் உடையாமலே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

டொக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு நிரோஜா மறுபடி வந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று அவர் தலையைக் குனிந்தார். அவள் ஏசவில்லை. ஏன் நடக்க விடவில்லை என்று மட்டும் கேட்டாள். மரியநேசன் சாரத்தை உயர்த்திக் காலைக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "இது முறிஞ்ச எலும்பு ஐயா. ஒட்டுமட்டும் பொறுத்திருக்க வேணும். அம்மாவுக்கு உடைஞ்சதையே எடுத்தாச்சு. ஒட்டுறதுக்கு அங்க ஒண்டுமில்லை. இதை முதலே நான் விளங்கப்படுத்தியிருக்க வேணும்."

பிலோமினா வோக்கரைப் பிடித்து எழுந்தாள். மரியநேசன் அவளுடைய சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"கையை எடுங்கோ அப்பா. நீங்கள் இழுக்கிற இழுவையிலதான் நான் விழப்போறன்."

விரல்கள் விட மறுத்தன. ஒவ்வொன்றாக விட்டார். அவள் அந்தக் காலை முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்து, உடம்பைச் சாய்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தபோது அவள் அடுத்த கட்டில்காரியிடம், "நோகுதுதான், ஆனால் நிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது. மாரி தொடங்கும்போது பிலோமினா வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில், விழுந்தால் பிடிப்பதற்கு இரண்டு கையையும் விரித்தபடி பின்னாலேயே வந்தார் மரியநேசன்.

"முன்னால நடவுங்கோ. சனம் பார்த்துச் சிரிக்குது."

அவர் முன்னால் போனார். வெள்ளம் தேங்கி நின்ற இடங்களிலெல்லாம் நின்று, அவள் தாண்டும்வரை பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.